சதிரைப் புறக்கணித்த சென்னை

1893ஆம் ஆண்டு சென்னை இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார் வைஸ்ராய் லான்ஸ்டௌன் பிரபுவுக்கும் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபுவுக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். தாசிகள் ஆடும் சதிர்க் கச்சேரி எங்கே நடந்தாலும் அங்கே போகக்கூடாது, தங்களைக் கௌரவிப்பதற்காக யாராவது அப்படியொரு கச்சேரி வைத்தாலும் அந்த அழைப்பை ஏற்கக்கூடாது என்பது கோரிக்கை. ஆடுகிற பெண்கள் எல்லோரும் விலைமாதர்கள், பெரிய மனிதர்கள் அந்தச் சபையில் உட்கார்ந்தால் அந்தத் தொழிலுக்கே மரியாதை கிடைத்துவிடுகிறது என்பது சங்கத்தாரின் வாதம். இரண்டு பிரபுக்களும் மறுத்துவிட்டார்கள். தாங்கள் பார்த்த நாட்டியங்களில் முறைகேடு ஏதும் இருக்கவில்லை என்று பதில் வந்தது. சங்கத்தார் சோர்ந்துபோகவில்லை. அரசாங்கம் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும் என்று நம்பினார்கள். சதிர் வைக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கோ விருந்துக்கோ போவதில்லை என்று தாங்களும் சபதம் எடுத்தார்கள், மற்றவர்களையும் எடுக்கச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளுக்குள் சென்னையின் படித்த குடும்பங்களில் வீட்டு விசேஷத்துக்குச் சதிர் வைப்பது வெட்கப்பட வேண்டிய காரியமாகிவிட்டது. பிரபுக்களிடம் தோற்ற விண்ணப்பம் ஊரிடம் ஜெயித்தது.

ஒரு கலைஞரின் சொந்த வாழ்க்கையோ கருத்தோ நமக்குப் பிடிக்கவில்லை என்றால் அவருடைய கலையைப் புறக்கணிக்கலாமா என்ற கேள்வி இப்போது மாதம் ஒருமுறை எழுகிறது. கலை வேறு, கலைஞர் வேறு என்று ஒரு தரப்பும், நம் காசு யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டாமா என்று மறுதரப்பும் கேட்கின்றன. கொள்கை அளவிலேயே பேசிக்கொண்டிருந்தால் இது முடியாத பேச்சு. சென்னையோ இதை ஒருமுறை முழுமூச்சாகச் செய்து பார்த்த ஊர். அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தக்காரர்கள் எதிர்த்த தேவதாசி வழக்கம் கொடியது. அவர்களில் பலர் நேர்மையானவர்கள். அப்படியிருந்தும் அந்தப் புறக்கணிப்பு தவறானது. வழக்கத்தை நிலைநிறுத்தி வைத்திருந்த கோயிலையும் மானியத்தையும் மிராசுதாரையும் அது தொடவே இல்லை. அந்த வழக்கத்துக்குள் பிறந்த பெண்ணின் கைத்தொழிலைத்தான் அது பிடித்துக்கொண்டது.

சதிர் எப்படிப்பட்ட பிழைப்பு என்று தெரிந்தால்தான் இது விளங்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்றில், ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் ஒரு பங்கு நிலம். ஆண்ட வம்சங்கள் மாறின, ஆடிய ஆட்டமும் மாறியது, ஆனால் இந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. பொட்டுக்கட்டிக்கொண்ட, அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண் அங்கே ஊழியம் செய்கிறவரை மானியத்தை அனுபவிக்கலாம், ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே குடும்பத்தில் ஒரு பெண்ணாவது தலைமுறைதோறும் பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். பெண் இல்லாத வீடு பெண்ணைத் தத்தெடுத்தது. சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனது. மற்ற வீட்டுப் பெண்களுக்கு எழுத்து வாசனையே இல்லாத காலத்தில் இந்தப் பெண்கள் தமிழும் தெலுங்கும் படித்தார்கள், பதமும் ஜாவளியும் பாடம் செய்தார்கள். நட்டுவனார், முட்டுக்காரர், முகவீணைக்காரர் என்று சின்ன மேளம் என்ற ஓர் ஆட்டக்குழுவே அவர்களை நம்பிப் பிழைத்தது. தஞ்சை அரண்மனை இன்னொரு பெரிய ஆதரவு. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்து, கம்பெனி அந்த அரசை விழுங்கியபோது அதுவும் போயிற்று. கலைக்குடும்பங்கள் பல சென்னைக்கு வண்டி ஏறின. வீணை தனம்மாளின் பாட்டி காமாட்சி அம்மாள் தஞ்சை அரண்மனையில் ஆடியவர். பேத்தி 1867இல் பிறந்து, ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வீணை வாசித்தார். அதைக் கேட்க வித்துவான்கள் வந்து ஓசையின்றி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆக, சென்னைக்கு வந்த ஒரு சதிர்க்காரிக்கு மூன்று வழிகளில் வருமானம் இருந்தது. ஊரில் விட்டுவந்த கோயில் மானியம், அது பெரும்பாலும் சுருங்கிப்போன வருமானம். கல்யாணங்களிலும் வரவேற்புகளிலும் ஆடிப்பாடி வாங்கும் சன்மானம். அவளை வைத்துக்கொண்டிருந்த செல்வந்தர் தரும் பணம். இந்த மூன்றில் அவள் தன் உழைப்பாலும் பயிற்சியாலும் சம்பாதித்தது நடுவில் இருப்பது. சீர்திருத்தக்காரர்களின் மனத்தை உறுத்தியது கடைசியில் இருப்பது. புறக்கணிப்பு வெட்டியதோ நடுவில் இருந்ததை. கச்சேரி நின்றால் கோயில் அவளைப் பொட்டிலிருந்து விடுவிக்கப் போவதில்லை, செல்வந்தர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதும் இல்லை. சன்மானம் குறையக் குறைய அவள் அந்தச் செல்வந்தரின் தயவையே மேலும் நம்ப வேண்டியதாயிற்று. எந்த உறவைக் கண்டு கோபப்பட்டார்களோ அந்த உறவுக்குள் அவளை இன்னும் ஆழமாகத் தள்ளிய நடவடிக்கை இது. சபதம் எடுத்தவர்கள் தாங்கள் தண்டிப்பது கச்சேரி வைக்கும் வீட்டுக்காரரை என்றே நினைத்திருக்கக்கூடும், ஏனென்றால் போகமாட்டோம் என்று சொன்னது அவர் வீட்டுக்கு. ஆனால் வீட்டுக்காரருக்கு அதில் நஷ்டம் ஏதும் இல்லை. சதிரை நீக்கிவிட்டு ஹரிகதையோ பேண்டு வாத்தியமோ வைத்துக்கொண்டார், விருந்தாளிகளும் திரும்பி வந்தார்கள்.

சீர்திருத்தக்காரர்களின் பக்கத்து நியாயத்தைக் குறைத்துச் சொல்வது சரியல்ல. விவரம் தெரியாத வயதில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டினார்கள் என்பது உண்மை. கைக்குழந்தைகளை விலைக்கு வாங்கி வளர்த்தார்கள் என்பதும் உண்மை. விபசாரத்துக்காகச் சிறுமிகளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கும் 372, 373ஆம் பிரிவுகள் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தன, பொட்டுக்கட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் அவற்றைப் பயன்படுத்தியும் இருக்கின்றன. அந்த வழியை விடாமல் பிடித்துத் தொடர்ந்திருந்தால் அடி விழவேண்டிய இடத்தில் விழுந்திருக்கும். சிறுமியை விற்றவரையும் வாங்கியவரையும் கூண்டில் ஏற்றும் வழி அது. ஒவ்வொரு வழக்காக, ஒவ்வொரு சாட்சியாக நடத்த வேண்டிய கடினமான வேலையும் அதுதான். சபதத்துக்கு அத்தனை பாடு இல்லை. ஒரு மாலை வீட்டில் இருந்துவிட்டால் போதும், கடமை முடிந்தது. புறக்கணிப்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இந்தச் சுலபம்தான். செய்கிறவருக்குச் செலவு இல்லாததால் அது வேகமாகப் பரவியது. செலவு முழுவதும் எதிர்ப்பக்கத்தில், பேச வழியில்லாதவர்கள்மேல் விழுந்தது.

இந்த இயக்கத்தின் தெலுங்குத் தூணாக நின்ற கந்துகூரி வீரேசலிங்கம் ஒதுக்கிவைத்தல் என்றால் என்ன என்பதை உடம்பால் அறிந்தவர். 1881இல் ராஜமுந்திரியில் அவர் முதல் விதவைத் திருமணத்தை நடத்திவைத்தபோது சாதி அவரையும் அவருடன் நின்றவர்களையும் விலக்கிவைத்தது. அந்தத் துணிவுக்கு நாம் தலைவணங்க வேண்டும். அதே கை பிறகு தாசிகளை விலக்கச் சொல்லி எழுதியது. அது கச்சேரியோடும் நிற்கவில்லை. தஞ்சை பிரதாபசிம்மர் காலத்துத் தேவதாசியான முத்துப்பழநி எழுதிய தெலுங்குக் காவியம் ‘ராதிகா சாந்த்வனமு’. ஒரு பெண் வாயால் சொல்லவும் காதால் கேட்கவும் தகாத பகுதிகள் அதில் இருப்பதாக வீரேசலிங்கம் தம் கவிஞர் வரலாற்றில் கண்டித்தார், அவள் பிறந்த குலத்தையும் சேர்த்தே குறிப்பிட்டார். பெங்களூர் நாகரத்தினம்மாள், தாமும் அந்தக் குலத்தவர், காவியத்தைச் சுவடியிலிருந்து சரிபார்த்து 1910இல் பதிப்பித்தார். சிருங்காரம் எழுதிய ஆண் புலவர்களுக்கு இல்லாத விதி இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று முன்னுரையில் கேட்டார். 1911இல் பிரதிகள் பறிமுதலாயின. தடை நீங்கியது 1947இல், பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது. கலைஞரின் வாழ்க்கையை வைத்து அவர் கலையை எடைபோடத் தொடங்கினால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று. உயிரோடிருந்த பெண்கள் ஆடும் மேடையிலிருந்து புறப்பட்டு, செத்து நூறாண்டுக்கு மேல் ஆன ஒரு புலவரின் புத்தகம் வரை அது வந்து சேர்ந்தது.

புறக்கணிப்பு என்ற ஆயுதத்தையே நான் குறை சொல்வதாகத் தோன்றலாம். அப்படியில்லை. அதே தலைமுறையில் தூத்துக்குடியில் அது நியாயமாகவே கையாளப்பட்டது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது, கொழும்புக்குப் போகிற பயணிகளும் வியாபாரிகளும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பலை விட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வலித்தது. கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசமாக ஏற்றிப்போகவும் முன்வந்தது. அந்தக் கம்பெனிக்கு முதலும் அரசாங்க ஆதரவும் இருந்தன, தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் சக்தியும் இருந்தது. புறக்கணித்தவர்கள் மலிவான கப்பலை விட்டு விலைகூடிய கப்பலில் ஏறித் தங்கள் கைக்காசைச் செலவழித்தார்கள். மாறக்கூடிய ஒருவரை மாறச் சொல்லி, தானும் நஷ்டப்பட்டுக் கேட்பது அது. சதிர்க்காரியிடம் எதை மாறச் சொன்னார்கள்? பொட்டு அவள் கேட்டுக் கட்டியதல்ல. தாலி கட்ட யாரும் வரமாட்டார்கள். ஆடுவதை நிறுத்தினாலும் அவளுக்குத் தாசி என்ற பெயர் போகாது. மாற வழி இல்லாதவர்மேல் தொடுக்கும் புறக்கணிப்பு வெறும் விலக்கிவைத்தல்தான், ஊர்விலக்கின் படித்த வடிவம்.

இன்னொரு வழி இருந்தது என்பதை 1929 காட்டியது. முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டையில் பிறந்தவர், தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தவர். சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண். பொட்டுக்கட்டுவதை ஒழிக்க வேண்டும் என்று 1927இல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அதைவிடக் கூர்மையான காரியம் இரண்டு ஆண்டு கழித்து நடந்தது. இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம், கோயில் ஊழியம் என்ற நிபந்தனையிலிருந்து மானிய நிலத்தை விடுவித்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே. தலைமுறைக்கு ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டித் தீரவேண்டிய கட்டாயத்தின் ஆணிவேரை ஒரே வெட்டில் வெட்டிய திருத்தம் இது. முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவரால்தான் இப்படிச் செய்ய முடியும். இதற்குப் பக்கத்தில் 1893ஆம் ஆண்டுச் சபதத்தை வைத்துப் பாருங்கள். ஒன்று பெண்ணிடம் நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டை அவிழ்த்தது, மற்றது கட்டை அப்படியே விட்டுவிட்டுச் சோற்றைப் பறித்தது. 1930இல் முத்துலட்சுமி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார், வெளியேறி வருகிற பெண்குழந்தைகள் தங்கிப் படிக்க ஓர் இடம் வேண்டுமே என்று.

முத்துலட்சுமியின் சட்ட முயற்சியை எல்லாத் தாசிகளும் வரவேற்கவில்லை. சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கம் அரசாங்கத்துக்கு மனுக்கொடுத்தது. நாகரத்தினம்மாள் அதில் முன்னின்றார். தங்கள் குலத்துக்குள் தவறு செய்கிறவர்கள் இருக்கலாம், அதற்காகக் குலம் முழுவதையும் விபசாரிகள் என்று சட்டப் புத்தகத்தில் எழுதுவது அநியாயம் என்றார்கள். சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் கலைக் கல்வியும் தங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மனுவின் எல்லா வாதங்களையும் நான் ஏற்கவில்லை. பொட்டுக்கட்டு வழக்கத்தின் கொடுமையை அது மெலிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் முப்பது ஆண்டுக்கு மேலாகத் தங்களைப் பற்றியே நடந்த விவாதத்தில் அவர்கள் ஒரு தரப்பாக உட்கார முடிந்தது அப்போதுதான். சட்டம் என்று வந்தபோது மனுக்கொடுக்க ஓர் இடம் இருந்தது, பதில் சொல்ல வேண்டிய ஒருவர் எதிரே இருந்தார். சபதத்துக்கு எதிராக யாரிடம் போய் மனுக்கொடுப்பது? வராத விருந்தாளியிடம் வாதாட முடியாது.

சபதம்தான் சட்டத்துக்கு நிலத்தை உழுதுவைத்தது, பொதுமனம் மாறாமல் 1929 வந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. சட்டசபையில் முத்துலட்சுமிக்குக் கிடைத்த ஆதரவுக்குப் பின்னால் சீர்திருத்தக்காரர்களின் நீண்ட பிரசாரம் இருந்தது. ஆனால் சபதத்துக்கும் தீர்மானத்துக்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்கிடையில் 1909இல் மைசூர் அரசு தன் கோயில்களில் இந்த ஊழியத்தை ஆணை போட்டே நிறுத்திவிட்டது, சபதத்துக்காகக் காத்திருக்கவில்லை. சென்னையில் காரியம் நடந்தது பெண்கள் சங்கங்கள் வலுப்பெற்று, ஒரு பெண் சட்டசபைக்குள் போய், கோயில் சொத்தின் கணக்கைக் கேட்க அறநிலையச் சட்டம் என்ற ஒன்று வந்த பிறகு. சபதம் பொதுமனத்தை மாற்றியது என்றால் எந்தத் திசையில் மாற்றியது என்றும் கேட்க வேண்டும். அந்தப் பெண்களுக்கு நியாயம் வேண்டும் என்ற எண்ணத்தைவிட, அவர்களைப் பார்ப்பதே பாவம் என்ற எண்ணம்தான் அதிகம் பரவியது.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைச் சுட்டிக்காட்டுவோரும் உண்டு. அந்தக் குலத்திலிருந்தே வந்து, ஊர் ஊராகப் போய்ப் பொட்டை எதிர்த்துப் பேசியவர். அவரைவிடக் கடுமையாக இந்த வாழ்க்கையைக் கண்டித்தவர் யார்? வெளியேயிருந்து சபதம் எடுத்தவர்களோடு அவரைச் சேர்த்து எண்ணக்கூடாது என்பது என் பதில். 1936இல் வெளிவந்த அவருடைய நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. தலைப்பிலேயே மைனர் வந்துவிடுகிறார். பணக்கார ஆண் இல்லாமல் இந்தக் கதை நடக்காது என்று உள்ளிருந்து வந்தவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்டது பெண்கள் வெளியே வர வேண்டும், வந்தவர்களுக்குக் கல்யாணமும் சுயமரியாதையும் கிடைக்க வேண்டும் என்று. வாசல் திறந்து வைத்துவிட்டு வா என்று கூப்பிடுகிறவரும், வாசலை அடைத்துவிட்டுப் போ என்கிறவரும் ஒரே கண்டனச் சொல்லைப் பயன்படுத்தினாலும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

பார்க்கவும் கேட்கவும் பிடிக்காததை விட்டு விலகும் உரிமை எனக்கு இல்லையா என்ற கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நிச்சயமாக உண்டு. யாரும் யாருடைய கச்சேரிக்கும் கடன்பட்டவர்கள் அல்ல. 2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி பாடகர் டி. எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது, பெரியாரைப் பற்றிய அவருடைய நிலைப்பாட்டைக் காரணம் காட்டி முன்னணிக் கலைஞர்கள் சிலர் அந்த ஆண்டு அகாடமி மேடையில் பாடப் போவதில்லை என்று அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தை ஏற்கலாம், மறுக்கலாம், அது வேறு விவாதம். செய்த விதத்தில் எனக்குக் குறையில்லை. விட்டுக்கொடுத்தது அவர்களுடைய சொந்த மேடை. எதிரே இருந்தவர் புகழும் மேடையும் பேனாவும் உடையவர். சர்ச்சைக்கு வேராக இருந்தது அவர் தாமே தேர்ந்து, வெளிப்படையாகச் சொல்லும் கருத்து, அதை அவர் விளக்கலாம், காக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். விருது அறிவித்ததும் ஒரு நிறுவனம், அது தன் முடிவுக்குத் தானே பதில் சொல்லக்கூடியது. 1893இல் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தன் காலை எடுத்துக்கொண்டு போவது ஓர் உரிமை. மற்றவர் எல்லோரும் போகக்கூடாது என்று ஏற்பாடு செய்து ஒருவரின் பிழைப்பை மூடுவது அதே உரிமையின் பெரிய வடிவம் அல்ல, அது அதிகாரம். அதிகாரம் என்றால் அதற்குரிய கேள்விகளும் வரும்: குற்றம் நிரூபணமாயிற்றா, குற்றம் சாட்டப்பட்டவர் பேசினாரா, தண்டனைக்கு முடிவு உண்டா? நாட்டிய எதிர்ப்புச் சபதத்தில் இந்த மூன்றுக்கும் இடமே வைக்கப்படவில்லை.

கலை அழிந்துவிடவில்லையே, சதிரைத்தானே இன்று உலகமெங்கும் பரதநாட்டியம் என்ற பெயரில் ஆடுகிறார்கள், எதற்கு வருத்தம் என்றும் கேட்கப்படுகிறது. கலை பிழைத்த கதை உண்மையில் இந்த வாதத்துக்கே எதிரான சான்று. 1931இல் மியூசிக் அகாடமி கல்யாணி குமாரிகள் எனப்பட்ட சகோதரிகளின் சதிரை மேடையேற்றியபோது கூட்டம் அதிகம் இல்லை. 1932 நவம்பரில் முதலமைச்சரான பொப்பிலி ராஜாவுக்கு நடந்த பாராட்டு விழாவில் சதிர் வைத்தார்கள். முத்துலட்சுமி பத்திரிகையில் கண்டித்து எழுதினார். வக்கீலும் காங்கிரஸ்காரரும் தாமே பெண்வேடத்தில் சதிர் ஆடியவருமான ஈ. கிருஷ்ணய்யர் மறுத்து எழுதினார். வாரக்கணக்கில் கடிதங்கள் பறந்தன. 1933 ஜனவரியில் அதே சகோதரிகள் மறுபடி ஆடியபோது அரங்கு நிறைந்தது. 1935இல் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவிகளைப் பார்த்து மனம் பறிகொடுத்த ருக்மிணி தேவி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அடையாற்றில் தாமே ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் பிறந்தது. அவருடைய துணிவையும் உழைப்பையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, புறக்கணிப்பு சில ஆண்டுகளுக்குள் உருகிப்போனது, தாசிக் குலத்துக்கு வெளியே இருந்த குடும்பங்களின் பெண்கள் ஆடத் தொடங்கியவுடன் உருகிப்போனது. அடவு அதே அடவு, வர்ணம் அதே வர்ணம், சொல்லிக்கொடுத்ததும் அதே நட்டுவனார். நாற்பது ஆண்டாகக் கெட்டது என்று சொல்லப்பட்டது ஆட்டமா ஆடியவரா என்பது அப்போது தெளிவாயிற்று. ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் பொட்டுக்கட்டப்பட்டவர். கோயில் ஊழியமும் போய், வறுமையில் கடைசிக் காலத்தைக் கழித்தார்.

பாலசரஸ்வதியைக் காட்டி, திறமை இருந்தால் எந்தப் புறக்கணிப்பும் தடுக்காது என்றும் சொல்வதுண்டு. தனம்மாளின் பேத்தி, 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரைக் கொண்டாடின. 1973இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது, நாட்டியக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஒரு மேதை தப்பிப் பிழைத்ததை வைத்து மற்றவர்கள் பிழைக்காததை நியாயப்படுத்த முடியாது. மேதை அல்லாத, ஊரளவில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கும் தன் தொழிலைச் செய்து சாப்பிடும் உரிமை உண்டு. பாடத் தெரிந்தவர்களுக்குக் கிராமபோன் கைகொடுத்தது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றோரின் குரல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இசைத்தட்டில் ஏறின. தட்டில் முகம் தெரியாது, அதனால் கண்ணியமான வீடுகளும் வாங்கிக் கேட்டன. ஆட்டத்துக்கு அப்படியொரு திரை இல்லை.

பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் கடைசியில் 1947இல் நிறைவேறியது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. இந்தக் குலங்களைச் சேர்ந்த ஒரு பெண் மேளத்திலோ ஆட்டத்திலோ பாட்டிலோ கலந்துகொண்டாலே அவள் விபசார வாழ்க்கையை ஏற்றுவிட்டவள், கல்யாணத்துக்குத் தகுதியற்றவள் என்று கருதும் வழக்கம் செல்லாது என்று அது அறிவிக்கிறது. ஆடுவது வேறு, அந்தப் பழி வேறு என்று சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அதே சட்டம் கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதைத் தடையும் செய்தது, பழைய அச்சம் முழுதாக விட்டுப்போகவில்லை. இருந்தாலும் அந்த ஒரு விதி 1893இல் வந்திருக்க வேண்டிய விதி. சபதம் எடுத்தவர்கள் தங்கள் செல்வாக்கை அதற்காகச் செலவிட்டிருந்தால், ஆடிக்கொண்டே மணம் முடித்து, சம்பாதித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் அந்தக் குலத்திலிருந்தே வந்திருப்பார்கள். விதி வந்து சேர்ந்த நேரத்தில் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை மகள்களுக்குச் சலங்கை கட்டுவதையே நிறுத்தியிருந்தன.